ஒன்பதாவது மரமீன்

ஆர்டன் ட்வெய்ட் முப்பத்தெட்டு வருஷம் காட்டில் மரம் அளந்த மனுஷன். நிற்கிற மரத்தை ஒரு பார்வை பார்த்து, இதில் எத்தனை பலகை தேறும் என்று சொல்லிவிடுவார். அந்தப் பலகையை வைத்து என்ன செய்வது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரியாமலே நிம்மதியாக இருந்திருக்கலாம். அறுபத்தெட்டு வயதில் இடுப்பு மூட்டு தேய்ந்து, புது மூட்டு வைத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் மனைவி மார்லிஸுக்குக் கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷம். பகல் வெளிச்சத்தில் புருஷனைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அதிலும் வாத்துக் காலம், மான் காலம், ஏரி உறைந்த காலம் எல்லாம் கழித்து மிச்சமிருக்கிற ஞாயிறுகளில். இப்போது அந்த ஆள் காலை ஒன்பது மணிக்கு அடுப்பங்கரையில் நின்று பாத்திர மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது?"

"சூப்பு."

"உப்புப் போட்டியா?"

"நாப்பத்து நாலு வருஷமா உப்பில்லாததையா குடிச்சே? மூடியைக் கீழ வை, ஆர்டன்."

இந்தக் கதையை மார்லிஸ் போனில் மகளிடம் சொல்ல, மகள் கிறிஸ்துமஸுக்கு ஒரு புத்தகம் வாங்கி அனுப்பினாள். வேட்டை, மீன்பிடி என்று வெளியில் திரிந்த ஆண்கள் வயதான காலத்தில் வீட்டுப் பட்டறையில் செய்யத் தகுந்த நூறு வேலைகள். அட்டையில் நரைத்த தாடிக்காரன் ஒருவன் கசங்காத ஏப்ரன் கட்டிக்கொண்டு பறவைக்கூட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தது. அதிலேயே தெரிய வேண்டாமா, அவன் ரம்பத்தைத் தொட்டதே இல்லையென்று?

ஆர்டன் கார் ஷெட்டில் பாதியைப் பட்டறையாக்கினார். காரின் முன்பாதி உள்ளேயும் பின்பாதி பனியிலும் நின்றது. முதல் வேலை பறவைக்கூடு. 'மூன்று மாலைப்பொழுதுகள்' என்று புத்தகம் போட்டிருந்தது. எங்கள் ஊர் மாலைப்பொழுது நீளம் போலிருக்கிறது, மூன்று வாரம் ஆனது. ஓட்டை கொஞ்சம் பெரிசாகிவிட்டதால் அணில் குடிவந்தது. அடுத்தது துப்பாக்கி மாட்டும் சட்டம். அதில் துப்பாக்கி நிற்கவில்லை, மார்லிஸ் துண்டு காயப்போட்டாள். மான் கொம்பில் விளக்கு ஒன்று செய்தார். அதை ஏற்றினால் வீட்டில் மற்ற விளக்கெல்லாம் அணைந்தது.

எங்கள் மினசோட்டாப் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவன் செய்த பொருள் கண்றாவியாக இருந்தால், கண்றாவி என்று யாரும் சொல்லமாட்டோம். "ம்... இது வேற மாதிரி இருக்கு" என்போம். அந்த மூன்று வருஷத்தில் ஆர்டன் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் எங்கள் ஊரிலேயே பிறந்தவர். தானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பார்!

இதெல்லாம் பொழுதுபோக்கு. அவருக்கு உயிர் வேறு இடத்தில் இருந்தது: பழைய சிநேகிதன் வெர்லின் ஹோவ்டேயின் இருட்டுக் கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில், இடது பக்கம்.

பிட்டர்ன் ஏரி உறைந்ததும் ஜன்னலில்லாத தகரக் கொட்டகைகளை இழுத்துக்கொண்டு போய் ஏரிமேல் நிறுத்துவோம். உள்ளே பனிக்கட்டியை அறுத்து, மேசையளவு ஓட்டை போட்டு, கதவைச் சாத்திவிட்டால் மேலே கும்மிருட்டு, கீழே தண்ணீர் மட்டும் பச்சையாக வெளிச்சம் காட்டும். மரத்தில் செதுக்கிய பொம்மை மீனை நூலில் கட்டி இறக்கி ஆட்டினால் அது வட்டமடித்து நீந்தும். அதைத் தின்ன நீளமூக்கன் என்கிற பெரிய மீன் வருவான். வாத்து மூக்கும் நாய்ப்பல்லுமாக, சில சமயம் ஆள் காலளவுக்கு. வந்ததும் ஏழு முள் ஈட்டியை இறக்க வேண்டியது. வராவிட்டால் காப்பி குடிக்க வேண்டியது. பெரும்பாலும் காப்பிதான். ஆர்டனும் வெர்லினும் அப்படி முப்பத்தொரு குளிர்காலம் குடித்தார்கள்.

போன வருஷம் பிப்ரவரியில் ஆர்டன் ஈட்டியை இறக்கினார். அது வெர்லினின் அப்பா செதுக்கிய மரமீனின் முதுகில் இறங்கி அதை இரண்டாகப் பிளந்தது.

பொம்மையைக் குத்துவது எங்கள் ஊரில் நடக்காத காரியமில்லை. செய்யாத ஆள் கிடையாது, செய்தேன் என்று ஒத்துக்கொண்ட ஆளும் கிடையாது. ஆர்டனும், "அதுக்குப் பின்னாடி பெரிய மீன் நின்னுது" என்றார். வெர்லின் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வரை பேசவில்லை. எங்கள் பக்கத்தில் அது கைகலப்புக்குச் சமம். நவம்பர் கடைசியில் ஏரி உறைந்து, கொட்டகையை இழுத்துப்போய் நிறுத்தியபோது, உள்ளே பெஞ்சு இல்லை. ஒற்றை நாற்காலி இருந்தது.

அந்தச் சேதியை ஆர்டனிடம் சொல்லும் புண்ணியம் என் தலையில் விழுந்தது. ஏரிக்கரையில் இரைமீன் கடை வைத்திருக்கிறவனிடம் எல்லாச் சேதியும் வந்துதானே சேரும்.

"ஒத்த நாற்காலியா? நல்லாப் பாத்தியா, லைல்?"

"பாத்தேன். மெத்தை வச்ச நாற்காலி."

"மெத்தை வேறயா!" என்றார். பெஞ்சு போனதைவிட மெத்தைதான் அவரைக் குத்தியது என்று நினைக்கிறேன்.

தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். புது இடுப்பை வைத்துக்கொண்டு அவரால் பனிக்கட்டி அறுக்க முடியாது. அதோடு, "ஏரிமேல தனியாக் கால் வச்சே, நான் அரிசோனாவுல பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன், நீயே உப்புப் போட்டுக் குடிச்சுக்கோ" என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். ஆக வெர்லினின் பெஞ்சு, இல்லாவிட்டால் மார்லிஸின் அடுப்பங்கரை. அவர் வாழ்க்கை அந்த இரண்டுக்குள் வந்து நின்றுவிட்டது.

உடைத்ததற்கு ஈடாக ஒரு மரமீன் செய்து கொடுத்தால் வெர்லின் மனம் இளகும் என்று அவருக்குத் தோன்றியது. புத்தகத்தில் அதற்கும் படம் இருந்தது. தேவதாரு மரம், காப்பி டின்னை வெட்டித் துடுப்புகள், கனத்துக்காக வயிற்றில் குழி தோண்டி ஊற்றிய ஈயம். துடுப்பு எப்படி வளைந்திருக்கிறது, ஈயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மரமீன் நீந்தும், அல்லது கல்லாய்த் தொங்கும். அழகுக்கு இதில் மார்க் கிடையாது.

முதல் மீன் தலைகுப்புற மூழ்கியது. இரண்டாவது மல்லாந்து மிதந்தது, செத்ததுபோல. செத்த மீன் செய்வதுதான் நோக்கம் என்றால் அதைவிடச் சிறப்பாக யாரும் செய்திருக்க முடியாது. மூன்றாவது பின்பக்கமாக நீந்தியது. நான்காவதில் ஈயம் ஊற்ற, மார்லிஸ் முட்டை பொரிக்கும் இரும்புச் சட்டியை எடுத்து உருக்கினார். அது அவள் அம்மா கொடுத்த சட்டி. அந்த வாரம் முழுக்க அவருக்கு வெறும் ரொட்டிதான்.

சோதனையெல்லாம் குளியல் தொட்டியில் நடந்தது. பட்டறைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் சோதிப்பார்கள், அது வழக்கம். ஆனால் மற்றவர்கள் சோதித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இவர் தொட்டியை நிரப்பி, அதன் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விளக்கை அணைத்து, கொட்டகைபோலவே ஆக்கிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை நூலை ஆட்டிக்கொண்டிருப்பார். மார்லிஸ் மூன்று வாரம் தங்கச்சி வீட்டில் போய்க் குளித்தாள். நான்காவது வாரம் கதவைத் தட்டினாள்.

"ஆர்டன், வெளிய வா."

"ஒரு நிமிஷம். வளையுது, வளையுது!"

"நானும் வளைஞ்சு குடுத்துட்டேன். இனிமே முடியாது. மீனை எடுத்துட்டு எங்கயாவது போ."

எங்கயாவது என்றால் என் கடைதான். அங்கே பத்தடி நீளத் தொட்டியில் உயிருள்ள இரைமீன்கள் கிடக்கும், விரலளவுக் குஞ்சுகள், ஆயிரக்கணக்கில். அதில் அவர் ஐந்தாவதை இறக்கினார். குஞ்சுகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆறாவதன்மேல் போய் உரசிக்கொண்டு நின்றன. ஏழும் எட்டும் அப்படியே. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அவருக்கு முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்னவை அந்தக் குஞ்சுகள்தான்.

ஜனவரி முதல் வாரம் ஒன்பதாவதோடு வந்தார். இறக்கினார். நூலை இரண்டு விரலால் லேசாக ஒரு சொடுக்கு. மரமீன் தலையைத் தாழ்த்தி, இடதுபக்கம் திரும்பி, தொட்டி முழுவதையும் அளந்து ஒரு வட்டம் போட்டது. குஞ்சுகள் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் எதிர்மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சில தொட்டிக்கு வெளியே குதித்துத் தரையில் விழுந்தன.

"லைல்," என்றார். மறுபடியும் நூலைச் சொடுக்கினார்.

நீச்சல் அப்படி. ஆனால் நிறம்? முதுகு பச்சை என்று நினைத்து அடித்தது சேற்று நிறம். வயிறு, இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும், நீலம். பளீரென்ற நீலம். கக்கூஸ் கழுவும் மருந்து இருக்கிறதே, அந்த நீலம். அன்று கடையில் நின்ற நாலு பேரும் அதைப் பார்த்தோம்.

"எப்படி?" என்றார் ஆர்டன்.

"ம்... வேற மாதிரி இருக்கு" என்றோம் நாலு பேரும்.

சனிக்கிழமை காலை வெர்லின் கடைக்கு வருவது வழக்கம். காப்பி குடிப்பார், ஒன்றும் வாங்கமாட்டார், போவார். ஆர்டன் முன்கூட்டியே வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தவன்போலத் தொட்டியோரம் காத்திருந்தார். வெர்லின் கோப்பையோடு வந்து மரமீன் நீந்துவதைப் பார்த்தார். ஒரு வட்டம். இரண்டு வட்டம். மூன்று.

"நல்லா நீந்துது" என்றார் வெர்லின்.

எங்கள் ஊரில் ஒரு ஆணைப் பற்றி இதைவிடப் பெரிசாக அடக்கத்தின்போதுகூடச் சொல்லமாட்டார்கள். ஆர்டன் முகம் சிவந்துவிட்டது.

"உங்கப்பாவோடது மாதிரி வராது. ஏதோ என்னால ஆனது. வச்சுக்கோ."

"ம்."

"அப்போ... பெஞ்சு?"

வெர்லின் காப்பியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "ஆர்டன், இதோட வயிறு என்ன கலரு?"

"வெள்ளை. கண்ணு தெரியலையா உனக்கு?"

வெர்லின் என் பக்கம் திரும்பினார். "லைல், நீ சொல்லு."

"என்னை ஏன் இழுக்கறீங்க?"

"சொல்லு."

"நீலம்," என்றேன்.

"என்ன நீலம்? லேசாவா?"

"லேசா இல்ல, ஆர்டன்."

வெர்லின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "எங்கப்பா பொம்மை போச்சு, சரி. மரந்தானே. அடுத்த வாட்டி உன் ஈட்டி என் பாதத்துல இறங்குனா? உனக்குக் கண்ணு போச்சுய்யா. போன வருஷமே போச்சு. நீயா சொல்லுவேன்னு ஒரு வருஷமாப் பாக்கறேன்."

ஆர்டன் மரமீனைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஈரத்தோடு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வீட்டில் நடந்ததை மார்லிஸே பிறகு என்னிடம் சொன்னாள்.

"இது என்ன நிறம்?" என்று கேட்டாராம்.

"நீலம்."

"இத்தனை நாளாத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ கேக்கல. உனக்கு நீலம் புடிக்கும்போலன்னு விட்டுட்டேன்."

ஒரு மனுஷன் குருடாகிறான் என்பது ஊர் முழுக்கத் தெரியும். சொன்னால் மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். இவ்வளவு நல்ல ஜனங்களை நீங்கள் வேறெங்கும் பார்க்கமுடியாது.

பத்து நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பதினோராம் நாள் மார்லிஸைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் தள்ளியிருந்த கண் டாக்டரிடம் போனார். இரண்டு கண்ணிலும் புரை. முற்றிய புரை. 'இவ்வளவு நாள் எதைப் பார்த்தீங்க?' என்று அந்த டாக்டரம்மா கேட்டாளாம். 'அனுபவத்துல பார்த்தேன்' என்றாராம் இவர். ஜனவரி முடிவதற்குள் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், மஞ்சள் என்று நினைத்திருந்த அடுப்பங்கரைச் சுவர் வெள்ளை என்று கண்டுபிடித்தார். பிறகு பட்டறைக்குப் போனார்.

அங்கே அவருடைய மூன்று வருஷ உழைப்பு வரிசையாக அலமாரியில் இருந்தது. கொம்பு விளக்கு, கோணல் சட்டம், ஒன்பது மரமீன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மார்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

"இதையெல்லாம் பாத்துட்டு எப்படிச் சிரிக்காம இருந்தே?" என்றார்.

"கீழ நிலவறைக்குப் போய்ச் சிரிச்சிட்டு வருவேன். துணி துவைக்கற மெஷினை ஓட விட்டுட்டு."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கண் வந்தவனுக்கு வெட்கமும் கூடவே வந்துவிட்டது. அந்த நீல வயிற்றோடு மறுபடி வெர்லின் முன்னால் போக அவருக்கு மனமில்லை. ஈட்டிக் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. உட்கார்ந்து, ஒன்பதாவதற்கு நல்ல வெள்ளையாக மூன்று பூச்சு அடித்து, முதுகுக்குப் பச்சைக் கோடு போட்டு, கண்ணுக்கு மஞ்சள் வளையம் வைத்தார். கடைக்குக் கொண்டுவந்தபோது நானே அசந்துபோனேன். மீன் என்றால் அது மீன்.

தொட்டியில் இறக்கினார். அது பக்கவாட்டில் சாய்ந்து, குடித்தவன் பெஞ்சில் படுப்பதுபோலப் படுத்துக்கொண்டது. மூன்று பூச்சின் கனம் அதன் நிதானத்தைக் கெடுத்துவிட்டது. குஞ்சுகள் வந்து அதன் வாலை முகர்ந்து பார்த்தன.

"சுரண்டுங்க" என்றேன்.

"சுரண்டினா நீலம் வரும்."

"நீலம் நீந்துச்சு. வெள்ளை தூங்குது. உங்களுக்கு எது வேணும்? பெஞ்சா, பரிசா?"

அவர் என் கல்லாமேசை ஓரத்திலேயே உட்கார்ந்து பேனாக்கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். இரண்டு நாள் சுரண்டினார். எந்த நிறத்தை ஊரே பார்த்துச் சிரித்ததோ அதைத் தன் கையாலேயே, கண் நன்றாகத் தெரிய, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தார். வயிறு முழுதும் நீலமானதும் மறுபடி இறக்கினார். குஞ்சுகள் மூலைக்கு ஓடின. அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை. மறுநாளோடு ஈட்டிக் காலம் முடிகிறது. தனியாகப் போகக்கூடாது என்பதால் என்னை வண்டியோட்டச் சொன்னார். மடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி வைத்திருந்தார்.

"இது எதுக்கு?"

"கவுத்துப்போட்டு உக்கார. அவன் நாற்காலியை நான் ஏன் கேக்கணும்?"

வெர்லின் கொட்டகைக் கதவைத் தட்டினோம். வெளிச்சம் உள்ளே போனால் வெர்லினுக்குக் கெட்ட கோபம் வரும். "யாரு? சீக்கிரம் உள்ள வா, இல்ல போய்த் தொலை" என்று கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே புகுந்து கதவைச் சாத்தினோம். ஒரு ஆளுக்குப் போட்ட இடத்தில் மூன்று ஆள். எனக்கு முதுகில் கதவு, முழங்காலில் அடுப்பு.

ஆர்டன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். வெர்லின் தொங்கவிட்டிருந்த பொம்மையைச் சுருட்டி எடுத்துவிட்டுத் தன்னுடையதை இறக்கினார். கீழே பச்சை வெளிச்சத்தில் நீல வயிறு தகதகவென்று வட்டமடித்தது.

"வெள்ளை அடிக்கலையா?" என்றார் வெர்லின்.

"அடிச்சேன். தூங்கிடுச்சு."

"ம்."

ஒரு மணி நேரம் போனது. என் முழங்கால் வெந்துகொண்டிருந்தது. திடீரென்று ஓட்டையின் இடது ஓரத்தில் தண்ணீர் கறுத்தது. நீளமூக்கன். அசையாமல், ஒரு மரக்கட்டை தானாக வந்து நின்றதுபோல நின்றான். மரமீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்லின் ஈட்டியைக் கையில் எடுத்தார். எடுத்து, அதை ஆர்டன் பக்கம் நீட்டினார்.

ஆர்டன் அதை வாங்கிக்கொண்டார். ஒரு கையால் நூலை மெல்லச் சொடுக்கி மரமீனை எட்டத் தள்ளினார். மறு கையால் ஈட்டி முனையைத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இறக்கினார். குறி பார்த்தார். விட்டார்.

தண்ணீர் கலங்கியது. ஈட்டி நேராக அடிச்சேற்றில் போய்க் குத்தி நின்றது. நீளமூக்கன் இல்லை. சேறு மெல்லத் தெளிந்தபோது நீல வயிறு மட்டும் ஒரு கீறல் இல்லாமல், அதே வட்டத்தை அடித்துக்கொண்டிருந்தது.

ஆர்டன் கயிற்றை இழுத்து ஈட்டியை மேலே எடுத்தார். ஏழு முள்ளிலும் சேறு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு மோசமாக அவர் விட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"எத்தனை முழம் தள்ளிப் போச்சு?" என்றார் வெர்லின்.

"அரை முழம். மீனுக்கு இந்தப் பக்கம்."

"பொம்மைக்கு?"

"ஒன்றரை முழம்."

"மீன் எப்படி இருந்துச்சு?"

"இடது கன்னத்துல பழைய காயம். தூண்டில் கிழிச்சது. கீழ்த்துடுப்புல ஒரு துண்டு இல்ல."

வெர்லின் தலையாட்டினார். குடுவையைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றி முதலில் ஆர்டனிடம் கொடுத்தார். எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

"பெஞ்சு என் தானியக் கொட்டகைல கிடக்கு" என்றார். "ஒரு காலு ஆடுது. நவம்பருக்குள்ள சரி பண்ணணும்."

"நான் பண்றேன். புத்தகத்துல பெஞ்சு இருக்கு, பாத்திருக்கேன்."

"நீ தொடாதே. லைல் பண்ணுவான்."

"நானா?" என்றேன்.

"அப்போ பெயின்ட்டு மட்டுமாவது நான் அடிக்கிறேன்," என்றார் ஆர்டன்.

வெர்லின் தண்ணீரில் வட்டமடித்த நீல வயிற்றைப் பார்த்தார். "இன்னொரு கண்ணையும் முடிச்சிட்டு வா," என்றார், "பாக்கலாம்."